முந்நூற்றெழுபதாவது நட்சத்திரம்

இலுப்பூர்
14-11-1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரகதாம்பாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மெஸ் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று என்னைத் தினமும் கேட்கிறது, நான் என்னவோ பட்டணத்திலிருந்து இப்போதுதான் ரயில் இறங்கினவள் மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை விராலிமலைப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்தார்கள். நன்றாயிருக்கிறது என்றார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் தாயார், "பொண்ணுக்கு என்ன நச்சத்திரம்?" என்று கேட்டது. ஆத்தா பாக்கு வெட்டியைக் கீழே வைக்காமல், "ஆயில்யம்ங்க" என்றது. அந்த அம்மா டம்ளரைத் தள்ளி வைத்தது. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாதாமே. வந்து போனவர்களில் இது நான்காவது கூட்டம். காப்பிக்கு முன்னாலேயே கேட்டால் காப்பித் தூளாவது மிஞ்சும்.

அப்பா தவறிய வருஷம் நம் இருவரில் ஒருவர்தான் மேலே படிக்கலாம் என்று ஆனது. அதைக் கிளற நான் வரவில்லை. ஆனால் பகல் பொழுது மிக நீளமாக இருக்கிறது அண்ணா. எட்டாம் வகுப்பில் வட்டத்துக்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று சொல்லிக் கொடுத்தபோது, அது உண்மையான எண் இல்லை, கிட்டத்தட்ட என்றீர்கள். அப்படியானால் உண்மையானது எது? நான் போட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது அனுப்புங்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு தூங்குங்கள்.

தங்கை,
பிரகதாம்பாள்


திருவல்லிக்கேணி, சென்னை
24-11-1948

அன்புள்ள பிரகதா,

கடிதம் கிடைத்தது. என் வயிறு நன்றாக இருக்கிறது என்று ஆத்தாவிடம் சொல். இல்லை, மோர்க்குழம்பை நினைத்து அழுகிறது என்று சொல், அதுதான் ஆத்தாவுக்குப் பிடிக்கும்.

நீ கேட்ட எண்ணை இத்துடன் இருக்கும் தாள்களில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பை என்று பெயர். மூன்று, புள்ளி, அதன் பிறகு எழுநூற்றேழு இலக்கங்கள். போன நூற்றாண்டில் ஓர் இங்கிலீஷ்காரர் பதினைந்து வருஷம் உட்கார்ந்து போட்ட கணக்கு. நான் பாடம் எடுக்கும் காலேஜ் லைப்ரரியில் பழைய புத்தகம் ஒன்றில் இருந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து நானே காப்பி எடுத்தேன்.

அதை வைத்து நீ என்ன செய்யலாம் என்றால்: ஒன்பதுக்குப் பிறகு பத்து என்று இடம் தாண்டுவது நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த பழக்கம். எட்டு விரல் இருந்தால் எட்டில் தாண்டியிருப்போம். அப்படி எட்டில் இடம் தாண்டும் முறையில் இதே எண்ணை எழுதிப் பார். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எட்டால் பெருக்கு. புள்ளியைத் தாண்டி முன்னால் வந்து நிற்பது முதல் இலக்கம். அதை எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி எட்டால் பெருக்கு. அவ்வளவுதான்.

முழுக்க முடித்தாயானால் புரொபசரிடம் காட்டி, பத்திரிகையில் உன் பெயரிலேயே போடச் சொல்கிறேன். அதை வைத்து ஆத்தாவிடம் பேசி உன்னை இங்கே அழைத்து வந்து எஸ்.எஸ்.எல்.சி. பிரைவேட்டாக எழுத வைப்பது என் பொறுப்பு.

எல்லோர் நலத்துக்கும் எழுது.

ஆத்மநாதன்


இலுப்பூர்
15-12-1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நானும் ஆத்தாவும் சுகம். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி.

எட்டு வேண்டாமென்று விட்டுவிட்டேன். இருபத்தேழில் எழுதுகிறேன். அதற்கு இருபத்தேழு தனித்தனிக் குறி வேண்டுமே என்று யோசிக்க வேண்டியதில்லை, சுவரில் பஞ்சாங்கம் தொங்குகிறது. அசுவினி பூஜ்யம், பரணி ஒன்று, கார்த்திகை இரண்டு, இப்படியே போய் ரேவதி இருபத்தாறு. டிசம்பர் ஒன்றாம் தேதி ஆரம்பித்தேன். ஒரு நாளுக்கு ஒரு நட்சத்திரம். முன்னால் நிற்கும் மூன்று ரோகிணி. புள்ளிக்குப் பிறகு ரோகிணி, அவிட்டம், திருவாதிரை, ரேவதி, மறுபடி ரோகிணி, அவிட்டம், அப்புறம் கார்த்திகை, சித்திரை. இப்படி இன்றோடு பதினைந்து ஆகிவிட்டது. உங்கள் தாளுக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்று நட்சத்திரம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

பதினைந்தில் என் ஆயில்யம் வரவே இல்லை. இங்கேயும் ஒதுக்கிவிட்டார்களோ என்று சிரித்துக்கொண்டேன்.

பெருக்கல் சரிதானா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். இருபத்தேழு மிச்சமில்லாமல் ஒன்பதில் அடங்குவதால் விடையின் இலக்கங்களை எல்லாம் கூட்டினால் அதுவும் ஒன்பதில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எங்கோ பிசகு. ஒரு வரி முடிந்ததும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பொழுது போகாமல் உங்கள் தாளில் எந்த இலக்கம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். முதல் அறுநூறில் மற்றவை எல்லாம் அறுபதை ஒட்டி வருகின்றன. ஏழு மட்டும் நாற்பத்துச் சொச்சம். காப்பி எடுக்கும்போது ஏதாவது விட்டுப்போயிற்றா? அல்லது அந்த இங்கிலீஷ்காரருக்கே தவறியிருக்குமா?

பனியில் வெறும் தலையோடு போகாதீர்கள் என்று ஆத்தா சொல்கிறது.

தங்கை,
பிரகதாம்பாள்


திருவல்லிக்கேணி
3-1-1949

அன்புள்ள பிரகதா,

நலம். உங்கள் இருவரின் சுகமும் கன்றின் சுகமும் அறிந்து சந்தோஷம்.

நட்சத்திரத்தில் எழுதுகிறாய் என்று ஸ்டாப் ரூமில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், புரொபசர் மட்டும் சிரிக்கவில்லை. "உன் தங்கைக்குக் கணக்கு வரும்" என்றார்.

ஏழு பற்றிக் கவலைப்படாதே. காப்பியை இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சில் வந்து எழுபத்தைந்து வருஷம் ஆனது, உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் போட்டது. இலுப்பூரிலிருந்து ஒருத்தி எண்ணிப் பார்த்துத் தப்பு என்றால் நன்றாகவா இருக்கிறது? நீ உன் பெருக்கலைப் பார்.

ஆத்தாவுக்கு என் நமஸ்காரம்.

ஆத்மநாதன்


இலுப்பூர்
25-11-1949

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். மழை இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. ஆத்தா சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருப்பீர்கள். தலைதீபாவளிப் புடவை அண்ணிக்குப் பிடித்ததா?

இன்றைக்கு முந்நூற்றறுபதாவது நட்சத்திரம். காய்ச்சலில் படுத்த இரண்டு நாளையும் அடுத்த இரண்டு நாளில் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஆயில்யம் எல்லோரையும் போலவே வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்க மகத்துக்கோ மூலத்துக்கோ ஆட்சேபணை எதுவும் இல்லை.

முக்கியமான விஷயம். அன்னவாசல் போர்டு ஸ்கூலில் கணக்கு வாத்தியார், சிவசாமி என்று பெயர், போன வெள்ளிக்கிழமை தகப்பனாரோடு வந்திருந்தார். தாயார் இறந்து பத்து வருஷம் ஆகிறதாம். அதனால் நட்சத்திரப் பேச்சே எழவில்லை. அவர் அலமாரியில் இருந்த நோட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை அண்ணா. அன்றைய வரியை எடுத்துவைத்துக்கொண்டு விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து, "இந்தா இங்க ரெண்டு எலக்கம் இடம் மாறியிருக்குங்க. இடம் மாறுனதை ஒங்க ஒம்போது கண்டுபிடிக்காதுல்ல?" என்றார். உண்மைதான். கூட்டினால் அதே தொகைதானே. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தை மாதமே கல்யாணம் வைக்க வேண்டும் என்கிறார்கள். தகப்பனாருக்கு இழுப்பு முற்றியிருக்கிறது. நான் சித்திரை வரை கேட்கலாமா என்று பார்க்கிறேன், அதற்குள் நோட்டு முடிந்துவிடும். நோயாளி இருக்கும் வீட்டுக்குப் புது மருமகளாகப் போய் நோட்டும் கையுமாக உட்கார முடியுமா? அவரிடமே இதைச் சொன்னேன். "நான் சொல்லிப் பாக்கிறேங்க. ஆனா அப்பா தைக்கு மேல தாங்குமான்னு தெரியலை" என்றார்.

நீங்கள் சொல்லுங்கள். 'விடு' என்று எழுதினால் இன்றைக்கே நோட்டை மூடிவிட்டுத் தைக்குச் சம்மதிக்கிறேன். 'முடி' என்றால் சித்திரை கேட்கிறேன். பத்திரிகையில் வரும், பரீட்சை எழுதலாம் என்று நீங்கள் எழுதியதை மறக்க முடியவில்லை. அவரையும் மறக்க முடியவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

பிரகதாம்பாள்


திருவல்லிக்கேணி
10-12-1949

அன்புள்ள பிரகதா,

ராஜேஸ்வரியும் நானும் நலம். புடவை அவளுக்குப் பிடித்தது. காலேஜில் வேலை நெட்டி முறிக்கிறது, அதுதான் பதில் தாமதம்.

இப்போது எத்தனையாவதில் இருக்கிறாய்?

நீ கேட்டதற்கு வருகிறேன். முடித்துவிடு. தொடங்கியதைப் பாதியில் விடுவது நம் வீட்டில் கிடையாது. புரொபசரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிவசாமி நீ சொல்லும் அளவுக்கு நல்லவர் என்றால் நாலு மாதம் காத்திருப்பார்.

ஆத்தாவின் உடம்பைப் பார்த்துக்கொள். வேறு விசேஷம் இல்லை.

ஆத்மநாதன்


இலுப்பூர்
8-4-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஆத்தாவுக்கு நடுவில் ஒரு வாரம் ஜுரம் இருந்து இப்போது சுகம். ஜனவரியிலும் மாசியிலும் நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கலாம்.

நேற்றோடு நானூற்றுத் தொண்ணூற்று மூன்று முடிந்தது. நோட்டை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியை எழுதிவிட்டு ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்குத்தா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது.

சிவசாமி சாருக்கு மாசி மாதம் கல்யாணம் ஆகிவிட்டது, மாமன் மகளோடு. தை கடைசியில் அவர் ஒருமுறை வந்தார். "சித்திரைன்னு சொன்னேன், வீட்டுல ஒத்துக்கலைங்க. இப்பவும் நீங்க சரின்னா நாளைக்கே பேசிடுறேன்" என்றார். உங்கள் கடிதம் கையில் இருந்தது. இன்னும் அறுபது நட்சத்திரம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். கல்யாணத்தைப் பார்த்த பதினோராம் நாள் அவர் தகப்பனார் தவறிவிட்டார்.

நோட்டு வந்து சேர்ந்ததற்கு ஒரு கார்டு போடுங்கள். புரொபசர் என்ன சொல்கிறார் என்றும் எழுதுங்கள்.

பிரகதாம்பாள்


திருவல்லிக்கேணி
22-8-1950

அன்புள்ள பிரகதா,

நோட்டு வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. புரொபசர் ரிட்டயர் ஆகும் சமயம், அவரைப் பிடிக்க முடியவில்லை. பத்திரிகைக்காரர்களும் இடமில்லை என்கிறார்கள். பார்க்கலாம்.

சிவசாமி விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். வேறு வரன் வரும்.

ராஜேஸ்வரி முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குத் தாயார் இல்லை என்பது உனக்குத் தெரியும். தை மாதம் நீ இங்கே வந்து மூன்று மாதம் இருந்தால் பெரிய உபகாரம். ஆத்தாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வரலாம்.

நலத்துக்கு எழுது.

ஆத்மநாதன்


இலுப்பூர்
2-5-1951

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சௌகரியமாக வந்து சேர்ந்தேன். குழந்தைக்கு வசம்பு உரசுவதை நிறுத்த வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். என்னைத் தேடுகிறதா?

என் நோட்டை உங்கள் மேஜையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ள நீங்கள் வீட்டில் இல்லை. பத்திரிகை பற்றி இனி யாரையும் கேட்க வேண்டாம்.

புதுக்கோட்டையில் வாத்தியார் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருக்கிறேன். எட்டாவது பாஸ் போதுமாம். ஆத்தா சரியென்றுவிட்டது.

உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும் போலிருக்கிறது. பழைய தாள்களைப் படிக்கக் கஷ்டப்படுகிறீர்கள்.

பிரகதாம்பாள்


மயிலாப்பூர், சென்னை
18-2-1962

அன்புள்ள பிரகதா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ அனுப்பிய முறுக்கு ஒரே நாளில் தீர்ந்தது. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நலமா? ஆத்தா போன பிறகு வீட்டில் நீ தனியாக இருப்பதை நினைத்து ராஜேஸ்வரி கவலைப்படுகிறாள். இதை எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம் என்றுதான் இப்போதும் கை சொல்கிறது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் மூடியிருக்கிறேன்.

சென்ற வருஷம் அமெரிக்காவில் ஒரு மெஷின் பையின் இலக்கங்களை ஒரு லட்சம் வரை எட்டேமுக்கால் மணி நேரத்தில் போட்டதாம். அந்தச் செய்தியை வகுப்பில் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் உனக்குக் காப்பி எடுத்துக் கொடுத்த எண் தப்பு, பிரகதா. ஐந்நூற்று இருபத்தேழு இலக்கம் வரைதான் சரி. அதற்கு மேல் அந்த இங்கிலீஷ்காரர் எங்கோ தவறிவிட்டார். எழுபது வருஷம் யாரும் கவனிக்கவில்லை. உன்னுடைய நட்சத்திரத்தில் ஏறக்குறைய முந்நூற்றெழுபதாவதிலிருந்து எல்லாம் வீண். ஏழு குறைகிறதே என்று நீ கேட்டாய். நான் உன்னைக் கேலி செய்தேன்.

அது மட்டுமென்றால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு அது தெரிந்த தேதி 2-12-1949. லைப்ரரியில் பழைய சஞ்சிகை ஒன்றில் படித்தேன். 'விடு' அல்லது 'முடி' என்று கேட்ட உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்கே எழுதியிருந்தால் நீ நோட்டை மூடிவைத்துத் தையில் அன்னவாசல் போயிருப்பாய். எட்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் 'முடித்துவிடு' என்று எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நல்ல காரணம் எதுவும் இல்லை. தப்பே இருக்காது என்று உன்னிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். கான்பரன்ஸில் உன் கணக்கை நானே வாசிப்பதாகப் புரொபசரிடம் பெருமை அடித்திருந்தேன். 'விடு' என்றால் ஏன் விடு என்று சொல்ல வேண்டும். 'முடி' என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். சிவசாமி காத்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உன் ஒன்பது எல்லா வரியையும் சோதித்தது. அண்ணன் கொடுத்த தாளைச் சோதிக்க அதற்கு வழியில்லை.

சரியான இலக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். இதனால் எதுவும் திரும்ப வராது என்று தெரியும். உன் வாயால் ஒரு வார்த்தை திட்டி எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆத்மநாதன்


இலுப்பூர்
4-3-1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்களுக்கு ரத்த அழுத்தம் என்று அண்ணி எழுதியிருந்தது. உப்பைக் குறையுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். அவை என்னிடம் இருக்கின்றன.

1951-ல் அண்ணியின் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்குச் சாமான் சீட்டு எழுதப் பென்சில் தேடி உங்கள் லாகரிதம் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள் மடித்திருந்தது. உங்கள் கையெழுத்து. '527-க்குப் பின் தவறு. இன்றே பிரகதாவுக்கு எழுத வேண்டும். 2-12-49.' அதன் கீழே சரியான இலக்கங்கள். குழந்தை தூங்கும்போது அவற்றைக் காப்பி எடுத்துக்கொண்டு, தாளை இருந்தபடியே மடித்து வைத்தேன். உங்கள் 10-12-49 கடிதம் எனக்கு மனப்பாடம். இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரி உங்களுக்கு ரசம் ஊற்றும்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீங்கள், "என்னத்தா?" என்றீர்கள். "உப்பு போதுமான்னு கேட்டேன்" என்றேன்.

ஊருக்கு வந்து மறுபடி முதல் வரியிலிருந்து போட்டேன். டிரெயினிங்கில் இருந்தபோதும் விடவில்லை. கடைசி இலக்கம் மாறினால் எல்லா வரியின் வாலும் மாறுகிறது, அதனால் பாதியில் தொடங்க முடியாது. மறுபடி நானூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள். இந்தத் தடவை யாரையும் காக்க வைக்கவில்லை, அதனால் சீக்கிரம் முடிந்த மாதிரி இருந்தது.

எழுத வேண்டும் என்று அன்றைக்கே குறித்து வைத்தாரே, மனசு இருந்ததே, அது போதும் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போதவில்லை அண்ணா. நூற்றிருபத்து நான்கு நாள், ஒன்றுமில்லாத நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, ஒன்பதில் அடங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதில் பாதி நாள் சிவசாமி சார் காத்துக்கொண்டிருந்தார். திட்டச் சொல்கிறீர்கள். திட்டினால் உங்களுக்கு நிம்மதி. எனக்கு என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிவசாமி சார் இப்போது டெபுடி இன்ஸ்பெக்டர். போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தார். தலை நரைத்திருக்கிறது. வருகைப் பதிவேடு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, மற்ற டீச்சர்கள் வெளியே போன சமயம், "அந்த நோட்டு முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க சார்."

"சரியா வந்துச்சா?"

"மொதத் தடவை தப்பாப் போச்சுங்க. ரெண்டாந் தடவைதான் சரியா வந்துச்சு."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "மொதத் தடவை எங்க தப்பு?" என்றார்.

அண்ணன் கொடுத்த தாள் தப்பு என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பட்டணத்தில் பெரிய புரொபசர் என்று அவருக்குத் தெரியும். "எங் கைதாங்க சார். ரெண்டு எலக்கத்தை இடம் மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னால்தான் தை தவறியது என்று அவர் நினைத்துக்கொண்டு போகட்டும். உங்களைப் பற்றி அவர் எதுவும் நினைக்க வேண்டாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வருஷப் பரீட்சை முடியும் வரை எனக்கு வேலை இருக்கிறது. நலமாக இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

பிரகதாம்பாள்